திண்ணைக்கு ஒரு ஸ்டார், மிச்சமெல்லாம் வயக்காட்டிலிருந்து

கிறிஸ்துமஸுக்கு வாசலை அலங்கரிக்கக் காசை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். டிசம்பர் நம் ஊரில் மழைக்காலம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் ஆரம்பித்து டிசம்பர் கடைசி வரைக்கும் இழுக்கும், அடைமழையெல்லாம் ஐப்பசியோடு போயிற்று என்று நினைக்கிற நேரத்தில்தான் வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகி நாலு நாள் விடாமல் பிடித்துக்கொள்ளும். கடையில் தொங்குகிற ஜிகினாத் தோரணம், பேப்பர் மணி, தெர்மாகோல் பனிமனிதன் எதுவும் அந்தச் சாரலையும் ஊதக்காற்றையும் மனதில் வைத்துச் செய்தது கிடையாது. பஞ்சைப் பிய்த்துப் பிய்த்துப் பனி மாதிரி ஒட்டி வைப்பார்கள், ஒரு ராத்திரி ஈரக்காற்று பட்டால் அது பிரித்துப்போட்ட பழைய மெத்தை மாதிரி ஆகிவிடும்.

எங்கள் வீடு தஞ்சாவூர் மாவட்டத்தில் கபிஸ்தலம் பக்கம் உள்ளே தள்ளி, வாய்க்கால் ஓரத்து ஓட்டு வீடு. முன்னால் ஆளோடி, இரண்டு பக்கமும் திண்ணை, இரண்டு மரத்தூண், தாழ்வாக இறங்கும் ஓட்டுச் சரிவு. போர்ட்டிகோ வைத்த மாடி வீட்டுக்காரர்களுக்கும் நான் சொல்வது பொருந்தும், என்ன, அவர்களுக்கு ஆணி அடிக்க இடம் கிடைக்காது, அவ்வளவுதான்.

இந்த வாசலை யார் பார்க்கப்போகிறார்கள் என்று யோசித்தாலே பாதிச் செலவு குறைந்துவிடும். பகலில் பார்க்கிறவர்கள் அக்கம்பக்கத்தார், அவர்களுக்கு நம் வாசல் மனப்பாடம். ராத்திரி வருகிறவர்கள்தான் முக்கியம், அதாவது பங்குக் கோயிலிலிருந்து பாடிக்கொண்டு வரும் கேரல் பார்ட்டி. பதினொரு மணிக்கு மேல், வீட்டில் பாதிப் பேர் தூங்கிவிட்ட பிறகு டிரம் சத்தம் கேட்கும், கதவைத் திறந்தால் கிறிஸ்துமஸ் தாத்தா ஆடிக்கொண்டிருப்பார், இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், பிள்ளைகளுக்கு மிட்டாய், நம் காணிக்கை, உடனே அடுத்த வீடு. மொத்தமே ஐந்து நிமிஷம். அந்த இருட்டில் அவர்கள் கண்ணில் படுவது உயரத்தில் எரிகிற ஸ்டாரும் திண்ணையில் எரிகிற குடிலும்தான், நடுவில் நீங்கள் கட்டித் தொங்கவிட்ட ஜிகினாச் சுருளை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதனால் நான் காசு போடுவது விளக்குக்கும் வயருக்கும் மட்டும். கை வேலையெல்லாம் ஸ்டாருக்கும் குடிலுக்கும். மிச்சம் தேவைப்படுவது கொல்லையிலும் வயலிலும் கிடக்கிறது.

ஸ்டாரிலிருந்து வருகிறேன். அட்டை ஸ்டார் மடித்து வைத்திருப்பார்கள், விரித்தால் ஓட்டை ஓட்டையாக அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் திறந்த வாசலில் தொங்கவிட்டால் ஒரு வாரத்தில் முனை தொங்கிப்போகும். மூங்கில் ஸ்டார் கட்டிவிட்டால் சட்டம் வருஷக்கணக்கில் வரும், துணியை மட்டும் மாற்றினால் போதும். மூன்று அடி நீளத்தில் ஒரே அளவாகப் பத்துப் பிளாச்சு சீவிக்கொள்ளுங்கள். பந்தல் போடுகிறவர்களிடம் கேட்டால் உடைந்த மூங்கில் சும்மாவே கிடைக்கும். ஐந்து பிளாச்சை வைத்து, நோட்டில் கையை எடுக்காமல் ஸ்டார் போடுவோமே, அதே மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகப் பரப்பி ஐந்து முனையையும் கட்டினால் ஒரு ஸ்டார். அதே போல இன்னொன்று. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து முனைகளை மட்டும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டு, உள்ளே பிளாச்சுகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடத்திலும் அரைச் சாண் நீளக் குச்சியை இரண்டு சட்டத்துக்கும் நடுவில் நெம்பி நிறுத்த வேண்டும். அப்போதுதான் வயிறு உப்பி முழு ஸ்டாராக வரும். கட்டுவதற்குச் சணலைவிட சைக்கிள் டியூபை நீளமாகக் கீறிய நாடா நல்லது, சணல் நனைந்து நனைந்து காய்ந்தால் தளர்ந்துவிடும். பஞ்சர் கடையில் கேட்டால் பழைய டியூபைத் தூக்கிப்போடுகிற சந்தோஷத்தில் கொடுத்துவிடுவார்கள்.

மேலே என்ன ஒட்டுவது என்பதில்தான் எல்லாரும் தடுக்கி விழுவது. பட்டம் விடுகிற கலர் பேப்பரை மைதாப் பசையில் ஒட்டுவார்கள், அது திருச்சிக்கு மேற்கே காய்ந்த ஊர்களில் தாங்கலாம், இங்கே முதல் மழையில் பசை கரைந்து பேப்பர் தனி, பிளாச்சு தனி. நான் பழைய நைலக்ஸ் புடவையை வெட்டிக் கோணி ஊசியால் சட்டத்தோடு சேர்த்துத் தைக்கிறேன். மெல்லிசு, வெளிச்சம் நன்றாக ஊடுருவும், நனைந்தாலும் சொட்டிவிட்டு அரை மணியில் காய்ந்துவிடும். அத்தை இதற்கு லேசில் சம்மதிக்கவில்லை. "கட்டின புடவையைக் கிழிச்சு யாராச்சும் வாசல்ல தொங்கவிடுவாங்களாம்மா, பாக்குறவங்க என்ன நினைப்பாங்க" என்று ஒரு வாரம் முனகிக்கொண்டே இருந்தார்கள். மஞ்சளில் சின்னச் சின்னப் பூப் போட்ட அவர்களுடைய புடவைதான் அது. உள்ளே பல்பு எரிந்ததும் அந்தப் பூவெல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது, அதற்கப்புறம் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் "என் கல்யாணத்துக்கு மறுவருஷம் எடுத்தது" என்று அவர்களே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். பின்பக்கம் ஒரு முக்கோணத்தைத் தைக்காமல் விட்டால் பல்பு மாட்டலாம், கீழ் முனையில் ஒரு ஓட்டை விட்டால் உள்ளே போன தண்ணீர் இறங்கிவிடும்.

பேப்பர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் ஸ்டாரை ஓட்டுச் சரிவுக்கு நன்றாக உள்ளே தள்ளித் தொங்கவிடுங்கள், மைதாப் பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுங்கள், பூச்சி அரிக்காது. பைண்டிங் கடைக்காரர்கள் செய்கிற வேலை அது. விஷம், பிள்ளைகள் கையில் அந்தப் பசையைக் கொடுக்க வேண்டாம்.

துணி ஸ்டாருக்குள் குண்டு பல்பு போடவே கூடாது, சூட்டில் நைலக்ஸ் உருகிப் பல்பிலேயே ஒட்டிக்கொள்ளும். 9 வாட்ஸ் எல்இடி போதும். கரண்ட் பில்லை நினைத்து ஸ்டாரைச் சீக்கிரம் அணைக்கிறவர்களுக்காக ஒரு கணக்கு: டிசம்பர் 1-லிருந்து மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை 37 நாள், தினமும் சாயங்காலம் 6 மணியிலிருந்து ராத்திரி 12 வரை எரிந்தாலும் 2 யூனிட்தான் ஓடும். அதே இடத்தில் பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு என்றால் 13 யூனிட்டுக்கு மேல். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்றிருக்கிற வீட்டில் இந்த 2 யூனிட் கண்ணுக்கே தெரியாது. ஆகவே நிம்மதியாக எரியட்டும்.

வயரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஒட்டுப்போட்ட வயர், வாய் பிளந்த ஹோல்டர், திண்ணைத் தூணில் ஆணியடித்து மாட்டிய ஓட்டை பிளக், இதெல்லாம் கோடைக்காலத்துத் திருவிழாவுக்கு ஏதோ ஓடிவிடும், டிசம்பரில் ஓடாது. நடுவில் ஒட்டே இல்லாத ஒரே நீள வயராக வாங்குங்கள். பிளக் வீட்டுக்குள் இருக்கட்டும், ஜன்னல் வழியாக வயர் வெளியே போகட்டும். ஜன்னலுக்குள் நுழைகிற இடத்துக்கு முன்னால் வயரை ஒரு முழம் கீழே தொங்கலாக விட்டு மேலே ஏற்றுங்கள். ஸ்டாரிலிருந்து வயரோடு வழிந்து வருகிற மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும், பிளக் வரைக்கும் போகாது. வயரிங் வேலை பார்க்கிற அண்ணன் ஒருத்தர் சொல்லிக்கொடுத்தது இது. காசு கொடுத்து வாங்கிய எந்த அலங்காரத்தையும்விட இந்த ஒரு முழத் தொங்கல்தான் எங்கள் வாசலில் உருப்படியான விஷயம் என்பேன். தென்னை மரத்து உச்சியில் ஸ்டார் ஏற்றுகிற விடலைப் பையன்கள் மின்கம்பி எங்கே போகிறது என்று பகலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், ஈர மூங்கிலை நம்பவே நம்பாதீர்கள்.

சீரியல் செட் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. பழைய அரிசி பல்பு செட் வைத்திருந்தால் அதில் 6 வோல்ட் பல்பு நாற்பது சொச்சத்தை வரிசையாகக் கோத்து 230 வோல்ட்டைப் பங்கு போட்டிருப்பார்கள், ஒன்று போனால் அந்த வரிசையே அணைந்துவிடும், அப்புறம் ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். தீபாவளிக்கு வாங்கிய எல்இடி செட் இருந்தால் அதையே ஓட்டு விளிம்பில் ஒரு வரி ஓட்டிவிடுங்கள். ஒரே நிறம். ஏழு கலரும் மாறி மாறிச் சிமிட்டினால் ஸ்டார் எடுபடாது, அங்கே ஏதோ மொபைல் கடை திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

இனி குடில். 1223-ஆம் வருஷம் இத்தாலியில் கிரேச்சியோ என்ற சின்ன ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் முதல் குடிலை வைத்தபோது பொம்மை எதுவும் கிடையாது, ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், நிஜமான மாடு, நிஜமான கழுதை, அவ்வளவுதான். அந்தக் கணக்கில் பார்த்தால் டெல்டாவில் குடில் வைக்கிறவர்கள் கடைப்பக்கமே போக வேண்டியதில்லை. கழுதைக்குத்தான் கொஞ்சம் தேட வேண்டியிருக்கும்.

டிசம்பரில் சம்பா பச்சையாக நிற்கும், அதில் வைக்கோல் கிடைக்காது. குறுவை அறுத்த வைக்கோல் யார் வீட்டுப் போரிலாவது இருக்கும், மேலே நனைந்து கறுத்துப்போனதை விட்டுவிட்டு உள்ளே கையை விட்டுப் பொன்னிறமாக இருப்பதை உருவிக்கொள்ளுங்கள், நாலு கைப்பிடி போதும். கூரைக்கு அது. சுவருக்குத் தென்னை மரத்துப் பன்னாடை. மட்டை விழும்போது அடிப்பக்கத்தில் கூடவே வரும் அந்தச் சல்லடைத் துணி மாதிரியான நாரை நாம் அடுப்பில்தான் போடுவோம், அதையே தண்ணீரில் நனைத்து விரித்து மேலே செங்கல் வைத்து ஒரு ராத்திரி விட்டால் காலையில் தட்டையான விரிப்பாக இருக்கும். மூங்கில் குச்சியில் கட்டி நிறுத்திவிட்டுப் பின்னால் ஒரு பல்பு வைத்துப் பாருங்கள், கல்லும் மண்ணுமாகப் பழைய தொழுவத்துச் சுவரேதான். பாறை வரைந்த கலர் பேப்பரைக் கசக்கி மலை செய்கிறவர்கள் இதை ஒரு தடவை முயற்சி செய்ய வேண்டும். தரைக்கு வாய்க்கால் களிமண். அகல் விளக்கைக் குடிலுக்குள் வைக்காதீர்கள், வைக்கோல் கூரையடியில் நெருப்பு வேண்டாம். கார்த்திகை முடிந்ததும் அகல் மலிவாகக் கிடைக்கும்தான், அதைத் திண்ணை விளிம்பில் காற்று படாத மூலையில் வரிசையாக வைக்கலாம்.

புல்லுக்கு நெல்லோ கேழ்வரகோ விதைக்கலாம். கொட்டாங்குச்சியில் மண்ணும் மக்கிய எருவும் நிரப்பி, ஒரு ராத்திரி ஊறவைத்த கேழ்வரகை அடர்த்தியாகத் தூவி டிசம்பர் 12, 13 வாக்கில் வைத்தால் பண்டிகைக்குக் குட்டைப் புல்லாகச் செழித்து நிற்கும். நெல் கொஞ்சம் உயரமாக, முரட்டுத்தனமாக வரும், ஆனால் நாற்றங்கால் கணக்காக இருப்பதால் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். அம்மன் கோயில் முளைப்பாரியை இருட்டில் வைத்து வெளிர் மஞ்சளாக வளர்ப்பார்கள், நமக்குப் பச்சை வேண்டும், அதனால் வெளிச்சம் படுகிற இடத்திலேயே வைத்துவிடுங்கள். மருந்து கலந்த விதைநெல்லில் பிள்ளைகளைக் கை வைக்க விடாதீர்கள். குருவியும் எலியும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும், அதற்காகவே இரண்டு கொட்டாங்குச்சி கூட வைப்பேன்.

சுரூபங்கள் எங்கள் வீட்டில் மாமனார் காலத்துச் செட். மாதா, சூசையப்பர், பாலன், மூன்று ராஜாக்கள், ஒரு சம்மனசு, அதாவது தேவதூதர், கால் ஒட்டவைத்த ஆடு ஒன்று. கூட்டம் போதாது என்று எதிர்வீட்டு அக்காவிடம் கொலுப்பெட்டியிலிருந்து மாடு கன்று கேட்டேன். "மாடு மட்டும் எதுக்கு, செட்டியாரையும் கூட்டிட்டுப் போ, நவராத்திரி முடிஞ்சு பெட்டிக்குள்ள சும்மாதானே இருக்காரு" என்று செட்டியாரம்மாவோடும் மளிகைக் கடையோடும் சேர்த்துக் கொடுத்துவிட்டார். இப்போது எங்கள் பெத்லகேமில் தொழுவத்துக்கு எதிரே ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. சூசையப்பருக்குக் கடனுக்குப் பருப்பும் வெல்லமும் கொடுத்தவர் அவர்தான் என்று பிள்ளைகள் கதை கட்டிவிட்டார்கள். குடில் பார்க்க வந்த ஃபாதர் குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டு, கடையில் என்ன விலை என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பாலன் சுரூபத்தை 24-ஆம் தேதி நள்ளிரவுப் பூசை முடிந்து வந்துதான் தீவனத் தொட்டியில் வைப்போம், அதுவரை தொட்டி காலிதான். ராஜாக்கள் மூவரையும் எதிர்த் திண்ணையின் கடைசியில் ஒரு மணல் குவியலில் நிறுத்திவிடுங்கள். தினமும் பிள்ளைகள் அவர்களை ஒரு சாண் நகர்த்துவார்கள், படியிறங்கி ஆளோடியைக் கடந்து ஜனவரி 6-ஆம் தேதி குடில் வாசலுக்கு வந்து சேர வேண்டும். செலவே இல்லாத அலங்காரம், பிள்ளைகளுக்கு லீவு முழுக்க வேலை. ஒட்டகத்தை மட்டும் யாராவது மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மரம் வேண்டுமென்றால் சவுக்கு. பிளாஸ்டிக் மரத்துக்குக் கொடுக்கிற காசு வீண் என்பது என் கருத்து, நம் தூணுக்கும் ஓட்டுக்கும் பக்கத்தில் அது ஒட்டவே ஒட்டாது. கடற்கரைப் பக்கம் கொள்ளிட முகத்துவாரம் வரைக்கும் சவுக்குத் தோப்பு இருக்கிறது, கழி வெட்டும் இடத்தில் பச்சை நுனியைக் கழித்துப் போடுவார்கள். அதில் ஒன்றை வாங்கி வாளியில் ஈரமணல் நிரப்பி நட்டு, நான்கு நாளைக்கு முன்னால் வைத்தால் பண்டிகை வரை பச்சை மாறாது. அதற்கு முன்னால் வைத்தால் ஊசி ஊசியாக உதிரும், பெருக்கி மாளாது.

தோரணத்துக்குத் தென்னங்கீற்று. குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை பின்னத் தெரிந்த கைக்குக் கிளியும் மணியும் பின்ன எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் இதற்காக நடுக்குருத்தை வெட்டாதீர்கள், மரம் வீணாகிவிடும். பக்கத்து இளமட்டையில் வெளிர் பச்சையாக இருக்கிற ஓலை போதும்.

என்னுடைய அபிமானம் நெட்டி. கும்பகோணம் - மயிலாடுதுறை சாலையில் நரசிங்கம்பேட்டையில் மாட்டுப் பொங்கலுக்கு நெட்டி மாலை கட்டுவார்கள். குளத்திலும் ஏரியிலும் வளர்கிற நெட்டித் தண்டை வெட்டிக் காயவைத்து, துண்டு போட்டு, சாயம் ஏற்றி, தாழை நாரில் கோத்துப் பொங்கலுக்கு ரொம்ப நாள் முன்னாலிருந்தே வேலை நடக்கும். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020-ல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது, அது பெரிய கோயில் கோபுரமெல்லாம் செதுக்குகிற நுணுக்க வேலை, விலையும் அதற்குத் தகுந்த மாதிரி. நமக்கு மாட்டு மாலை போதும். சாயம் ஏற்றாத வெள்ளை நெட்டி கேட்டு வாங்கித் தூண் இரண்டிலும் சுற்றினால் பஞ்சுப் பனியெல்லாம் எதற்கு? எடை இல்லை, காற்றில் லேசாக ஆடும், கைக்கெட்டும் விலை.

கோலத்தை நான் திண்ணைக்கு ஏற்றிவிட்டேன். மார்கழி பிறந்துவிட்டதால் தெருவே கோலமாகத்தான் இருக்கும், எதிர்வீட்டில் பூசணிப்பூ வைத்திருப்பார்கள். நாமும் வாசலில் போடலாம், ஆனால் தூறல் விழுந்தால் பொடிக்கோலம் காணாமல் போய்விடும். திண்ணையில் பச்சரிசி மாவைக் கரைத்து ஈரக்கோலமாக ஊடு புள்ளி வைத்து ஆறுமுனை நட்சத்திரம் இழுத்துச் சுற்றிலும் காவி கட்டினால் மழை தொடாது, நாலைந்து நாள் பளிச்சென்று இருக்கும். கலர்ப்பொடிச் செலவும் மிச்சம்.

மொத்தம் எவ்வளவு ஆகும் என்றால், எல்இடி பல்பு, ஹோல்டர், நல்ல வயர், நெட்டி மாலை, சணல் எல்லாம் சேர்த்து 500 ரூபாயைத் தாண்டாது, அதிலும் பாதி அடுத்த வருஷத்துக்கும் வரும்.

இதில் பாதியை நான் கற்றுக்கொண்டது 2018-ல். நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் கரையேறிப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனதே, அந்த வருஷம். வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத ஊர்கள் நிறைய. பட்டுக்கோட்டைக்கு உள்ளே இருக்கிற சித்தப்பா வீட்டுக்கு அரிசி எடுத்துக்கொண்டு போயிருந்தோம். தோப்பு முழுக்கக் கீற்றும் பாளையும் பன்னாடையும் மலையாகக் கிடந்தது, அதைப் பார்க்கவே சித்தப்பாவுக்கு மனசில்லை. சித்திதான் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது அதிலிருந்தே நாலு கீற்றை இழுத்து வந்து திண்ணையில் பின்ன உட்கார்ந்தார். "விழுந்ததை எரிக்கத்தானே போறோம், ஒரு குடிலாவது கட்டுவோம்" என்றார். பன்னாடையைச் சுவருக்கு வைக்கலாம் என்பது அவர் கண்டுபிடித்தது. விளக்குக்கு அரிக்கேன் லாந்தர், குடிலுக்கு வெளியே, ஆளோடி உத்தரத்தில்.

நாகப்பட்டினத்தில் பெரியம்மா வீட்டில் வேறு வழக்கம். 2004-ல் சுனாமி வந்தது டிசம்பர் 26, பண்டிகைக்கு மறுநாள் காலை. அதிலிருந்து 25-ஆம் தேதி ராத்திரியோடு ஸ்டாரை அணைத்துவிட்டு 27-ஆம் தேதிதான் திரும்பப் போடுவார்கள். அந்தப் பக்கம் விருந்துக்குப் போகிறவர்கள் வாசல் ஏன் இருட்டாக இருக்கிறது என்று கேட்டுவிடாதீர்கள்.

ஜனவரி 6 தாண்டியதும் எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள், பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருக்கும். முளைத்த நெல் மாட்டுக்கு, வைக்கோலும் மாட்டுக்கு. நெட்டி மாலையை எதிர்வீட்டுப் பசுவுக்குக் கொடுத்துவிடுவேன், கொலு மாடு இரவல் கொடுத்த வீடு ஆயிற்றே. ஸ்டாரிலிருந்து புடவையைப் பிரித்துத் துவைத்து மடித்துவிட்டு வெறும் சட்டத்தை மட்டும் பரணில் மாட்டுங்கள், துணியோடு வைத்தால் எலி குடும்பம் நடத்தும். சீரியல் செட்டை அட்டையில் சுற்றுவதற்கு முன் ஒரு தடவை எரியவிட்டுப் பாருங்கள். போயிருந்தால் இப்போதே மாற்றிக்கொள்ளலாம், டிசம்பர் 20-க்கு மேல் கடைத்தெருவில் கூட்டத்தில் நின்று வாங்குகிற செட் எப்போதும் இருபது ரூபாய் கூடத்தான் இருக்கும்.